‘போயிட்டாவ’ திருத்தப்பட்ட பிறகு: ஒரு பதிப்பகம் எடிட்டர்களைத் தேர்ந்தெடுத்த விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

நிகழ்ந்தது

சென்னையில் இயங்கும் ஒரு நடுத்தரத் தமிழ்ப் பதிப்பகத்தின் பதிப்புப் பிரிவை நான் கவனித்துவருகிறேன். நாவல், கட்டுரை, மொழிபெயர்ப்பு, சிறுவர் நூல் எனப் பலவும் வெளியிடும் எங்களுக்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிதான் ஆண்டின் அறுவடை. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் குவியும் வேலையை நிரந்தரமாக இருப்பவர்களை மட்டும் வைத்து முடிக்க முடியாது என்பதால், ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு, செப்டம்பரில் ஒருவரையோ இருவரையோ புதிதாக எடுப்போம். அப்படி எடுத்த ஒருவர் கையில் ஒரு நூலுக்கு நேர்ந்த இழப்பும், அதற்கு அவரைவிட நாங்களே காரணம் என்று கண்டபின் ஆள் எடுக்கும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

திருநெல்வேலி வட்டாரப் பேச்சில் உரையாடல்கள் அமைந்த நாவல் அது. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அதுவே அவருடைய முதல் நாவல். தட்டச்சு முடிந்து, இரண்டு முறை மெய்ப்புப் பார்த்து, நாவலாசிரியரும் படித்து ஒப்புதல் தந்துவிட்டார். அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை எழுத்துப்பிழை மட்டும் பார்க்கும்படி, சேர்ந்து ஆறு வாரமே ஆகியிருந்த எடிட்டரிடம் கோப்பைக் கொடுத்தோம். ‘அவிய நேத்தே ஊருக்குப் போயிட்டாவ’ என்று ஒரு பாட்டி சொல்லும் வரியில் இருந்த ‘வ’ அவர் கண்ணுக்குத் தட்டச்சுப் பிழையாகப் பட்டிருக்கிறது. அதை ‘போயிட்டாங்க’ என்று திருத்தியவர், அதே ‘பிழை’ வேறு இடங்களிலும் இருப்பதைக் கண்டு, ‘சொன்னாவ’, ‘வந்தாவ’, ‘இருக்காவ’ என்று வந்த எல்லாவற்றையும் தேடி மாற்றும் கட்டளையைக் கொண்டு ஒரே மூச்சில் மாற்றிவிட்டார். ‘அவிய’ மட்டும் எங்கும் அப்படியே நின்றது. ஒரே வாக்கியத்தின் எழுவாய் நெல்லைப் பேச்சிலும் பயனிலை வேறொரு ஊர்ப் பேச்சிலும் நிற்கும்படி நாவல் முழுவதும் ஆகிவிட்டது.

முதல் நான்கு ஃபாரம், அதாவது 64 பக்கங்கள் அச்சானதும் வழக்கப்படி நாவலாசிரியருக்கு ஒரு செட் அனுப்பினோம். மறுநாள் தொலைபேசியில் வந்தவர், ‘தம்பி, எங்க அம்மை பேசுன பேச்ச யாரு மாத்துனது?’ என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. இன்னும் கொஞ்சம் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்வது எளிதாக இருந்திருக்கும். நான்கு ஃபாரத்தையும் ஒதுக்கிவிட்டு, கோப்பை நாவலாசிரியர் ஒப்பிய நிலைக்குத் திருப்பி மீண்டும் அச்சிட்டோம். காகிதச் செலவும் அச்சுக்கூலியும் போயின. புத்தகக் காட்சியின் முதல் சில நாட்களும் போயின. முதல் நாவல் எழுதிய ஒருவருக்கு அந்த நாட்கள் எவ்வளவு பெரியவை என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவரை எப்படி எடுத்திருந்தோம்

பழி முழுவதும் புதியவர் மீது விழுந்தது. ‘இதுகூடத் தெரியாதவரை யார் எடுத்தது?’ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தத் தேர்வின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, இரண்டே தாள்கள் கிடைத்தன. ஒன்று, அவருடைய விண்ணப்பம்: தமிழில் எம்.ஏ., எம்.ஃபில்., ஒரு வார இதழில் நான்கு ஆண்டு அனுபவம். மற்றொன்று, நேர்காணலின்போது நானே கிறுக்கிவைத்தது: ‘நல்ல வாசகர். பேச்சு தெளிவு. நமக்கு ஒத்துவருவார்.’

நாற்பது நிமிடம் பேசியிருக்கிறோம். எந்த நாவல்கள் பிடிக்கும், எந்தக் கவிஞரை மறுவாசிப்புச் செய்ய வேண்டும், சிறுபத்திரிகைகள் ஏன் நின்றுபோயின என்பதெல்லாம் வந்திருக்கிறது. ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, ‘இதில் என்ன செய்வீர்கள், எதைத் தொடமாட்டீர்கள்?’ என்று கேட்கவில்லை. ஒருவர் நம்மைப் போலவே படித்திருக்கிறார், நமக்குப் பிடித்ததே அவருக்கும் பிடித்திருக்கிறது என்பதைத்தான் அந்த நாற்பது நிமிடத்தில் அளந்திருக்கிறோம். அதற்குத் ‘திறமை’ என்று பெயரும் வைத்துவிட்டோம். அவர் இதழில் செய்துவந்த வேலையோ, வெளியூர் நிருபர்கள் அனுப்பும் செய்திகளைப் பொதுத்தமிழுக்குக் கொண்டுவருவது. அங்கே ‘வ’வை ‘ங்க’ ஆக்குவதுதான் சரியான வேலை. எங்களிடம் வந்தும் அதையே ஒழுங்காகச் செய்திருக்கிறார். இங்கே வேறு மாதிரி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நடைக் கையேடு என்று ஒரு தாளும் எங்களிடம் அப்போது இல்லை.

தமிழில் எடிட்டிங் என்பது இன்னும் பெரும்பாலும் வேலையில் சேர்ந்து, பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் தொழிலாகவே இருக்கிறது. ஆசிரியரோடு அமர்ந்து வரிவரியாகப் பிரதியைச் செம்மையாக்குவதை ஒரு பதிப்பகத்தின் அடிப்படைக் கடமையாக வைத்து இயங்கியவர் என்று, 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனைத்தான் எங்கள் தலைமுறை முதலில் சுட்டும். அப்படி ஒரு பட்டறையில் பழகும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைந்ததில்லை. ஆகவே பட்டமும் பணியாற்றிய ஆண்டுகளும் ஒருவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதைப் பற்றிக் குறைவாகவே சொல்கின்றன. இது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரியதும் அன்று. பணியாளர் தேர்வு முறைகளின் கணிப்புத் திறனை மறுமதிப்பீடு செய்து பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே வகுத்த ஒரே கேள்விகளை எல்லோரிடமும் கேட்கும் நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42 என்று வருகிறது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). போகிறபோக்கில் பேசும் நேர்காணலுக்கு அது 0.19தான். வேலையின் ஒரு துண்டையே செய்யவைத்துப் பார்க்கும் சோதனைக்கு 0.33. பணியாற்றிய ஆண்டுகளின் எண்ணிக்கையோ 0.1ஐக்கூட எட்டவில்லை. நாங்கள் அதுவரை நம்பியிருந்த இரண்டும், வாய்ப்பேச்சும் ஆண்டுக் கணக்கும்தான்.

‘எந்த ஊர்?’ என்ற கேள்வி

பழைய குறிப்புகளைப் புரட்டியபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. அதைச் சொல்லத் தயங்கினேன். சொல்லாவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். முந்தைய ஐந்து ஆண்டுகளில் நாங்கள் எடுத்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் யாரோ ஒரு நண்பர் அனுப்பிவைத்தவர்கள். ஏறக்குறைய எல்லோரும் சென்னையிலேயே ஏற்கெனவே தங்கியிருந்தவர்கள். நேர்காணல் குறிப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டிருந்தது. சிலவற்றில் ஊருக்குள் எந்தப் பகுதி என்பதும் இருந்தது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி எழுதும் வழக்கம் பெருமளவு ஒழிந்தது பெருமைக்குரிய வரலாறு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடவேண்டும் என்று தீர்மானித்ததும், அதைத் தொடர்ந்து பலர் பொதுவெளியில் அவற்றைத் துறந்ததும் அந்த வரலாற்றின் பகுதி. ஆனால் பெயரிலிருந்து போனது பேச்சில் வேறு வழியாக வருகிறது. ‘சொந்த ஊர் எது? ஊருக்குள் எந்தப் பக்கம்? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது?’ என்று அன்பாகக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒருவருக்கு, தன்னிடம் எது கேட்கப்படுகிறது என்பது நன்றாகவே தெரியும். கேட்பவர் தெரியாமல் கேட்டாலும் பதில் அவர் மனத்தில் போய் அமர்ந்துகொள்கிறது.

பெயர் ஒன்றே என்ன செய்யும் என்பதற்கு இந்திய அளவில் ஒரு தெளிவான ஆய்வு உண்டு. சுகதேவ் தோராட், பால் அட்டவெல் இருவரும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளியிட்டது அது. தனியார் நிறுவனங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வருவதற்கான வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கே பெயர் செய்ததை எங்கள் அலுவலகத்தில் ஊர்ப்பெயரும் நண்பரின் பரிந்துரையும் செய்யவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாத நிலையில் இருப்பதே போதுமான காரணம் என்று முடிவு செய்தோம்.

சோதனைப் பக்கம்

அடுத்த முறை இரண்டு இடங்களுக்கு விளம்பரம் செய்தோம்: ஒரு எடிட்டர், சிறுவர் நூல்களுக்கும் பின்னட்டைக் குறிப்புகளுக்கும் ஓர் எழுத்தாளர். விளம்பரத்தில் முதல் முறையாகச் சம்பளத்தை எழுதினோம். ‘தகுதிக்கேற்ற ஊதியம்’ என்ற சொற்றொடர், பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு தொகையும் தெரியாதவருக்கு வேறொரு தொகையும் கொடுப்பதற்குத்தான் எங்களுக்கு இதுவரை பயன்பட்டிருக்கிறது. ‘தமிழில் முதுகலைப் பட்டம்’ என்ற நிபந்தனையை எடுத்தோம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்பதைச் சேர்த்தோம். விளம்பரத்தை எங்கள் நண்பர்கள் வட்டத்தோடு நிறுத்தாமல், மாவட்டத் தலைநகரங்களில் உள்ள டிடிபி (கணினித் தட்டச்சு) மையங்களுக்கும் நூலகங்களுக்கும் அச்சகங்களுக்கும் அனுப்பினோம். அச்சகங்களுக்கு அனுப்பும் யோசனை எங்கள் மூத்த மெய்ப்புப் பார்ப்பவருடையது. ‘பிழை எங்கே விழும்னு தட்டச்சு செய்யறவங்களுக்குத்தான் தெரியும்’ என்றார்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. ஒரு குறுங்கடிதமும் முன்பு செய்த வேலையின் இரண்டு பக்க மாதிரியும் மட்டுமே கேட்டிருந்தோம். அலுவலக உதவியாளர் பெயர், ஊர், படிப்பு, வயது ஆகியவற்றை நீக்கி எண் இட்டுத் தந்தார். எடிட்டர் பணிக்கு அவற்றிலிருந்து பதினெட்டுப் பேரைச் சோதனைக்கு அழைத்தோம்.

சோதனைக்கு ஐந்து பக்கம். முன்பே நாங்கள் வெளியிட்டுவிட்ட ஒரு நூலிலிருந்து, ஆசிரியரின் அனுமதியோடு எடுத்து, அதில் நாங்களே பிழைகளை விதைத்தோம். வெளிவராத நூலின் பகுதியைக் கொடுத்துப் பதினெட்டுப் பேரிடம் இலவசமாக வேலை வாங்கிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தச் சந்தேகத்துக்கே இடம் கொடுக்க விரும்பவில்லை. வெளியாட்களுக்குப் பக்கத்துக்கு என்ன தருகிறோமோ அதே விகிதத்தில், தேர்வானாலும் ஆகாவிட்டாலும், பதினெட்டுப் பேருக்கும் அந்த வார இறுதிக்குள் பணம் அனுப்பினோம். வேலையில் இருப்பவர்களும் வீட்டுப் பொறுப்பு உள்ளவர்களும் எழுதும்படி, ஒரு வாரத்துக்குள் அவர்கள் விரும்பும் எந்த இரண்டரை மணி நேரத்திலும் செய்யலாம் என்றோம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உட்பட எதையும் பார்த்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழைத் திருத்தி, செயற்கை நுண்ணறிவுச் செயலி எதையும் பயன்படுத்தலாம். வேலையில் கையருகே இருக்கப்போகிறவற்றைச் சோதனையில் பறிப்பதில் பொருளில்லை.

விதைத்த பிழைகள் மூன்று வகை. முதலாவது, இலக்கணக் கையேட்டைப் பார்த்தே தீர்த்துவிடக் கூடியவை: ‘மருத்துவ கல்லூரி’ என்று ஒற்று விடுபட்டது, ‘அவர் எழுதியக் கடிதம்’ என்று பெயரெச்சத்துக்குப் பின் வேண்டாத ஒற்று நுழைந்தது, ‘சுவரில்’ என்பதற்குப் பதில் ‘சுவற்றில்’, ‘பூக்களைக் கோத்து’ என்பதற்குப் பதில் ‘பூக்களைக் கோர்த்து’ போன்றவை. இரண்டாவது, செய்திப் பிழைகள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜேந்திர சோழன் என்று ஓரிடத்தில் இருந்தது. இன்னோரிடத்தில், 1952இல் பிறந்த ஒருவர் 1970இல் தம் இருபத்திரண்டாம் வயதில் ஊரைவிட்டுப் போகிறார். பின்னதற்கு வெளியறிவு எதுவும் தேவையில்லை; கழித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும். இத்தகையவற்றையே அதிகம் வைத்தோம், ஏனெனில் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைப் பொறுத்து இவை எளிதாகவோ கடினமாகவோ ஆவதில்லை.

மூன்றாவது வகை, பிழையே அல்லாத இடங்கள். இந்தச் சோதனையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நெல்லைப் பேச்சில் ஓர் உரையாடல். வேண்டுமென்றே மூன்று முறை திரும்ப வரும் ஒரு சொல். நீண்டிருந்தாலும் எங்கும் தடுமாறாத ஒரு பதினோரு வரி வாக்கியம். இலக்கண நூலோர் சிலர் ஏற்காவிட்டாலும் இன்றைய எழுத்தில் நிலைபெற்றுவிட்ட ‘அருகாமை’. இவற்றில் கைவைத்தால், ஒவ்வொன்றுக்கும் விட்டுப்போன பிழைக்குக் குறைப்பதைப்போல் இரு மடங்கு மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். சந்தேகம் வந்து ஓரத்தில் கேள்வியாகக் குறித்தால் குறைவில்லை. விட்டுப்போன ஒற்றை அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம். ஆசிரியருக்குத் தெரியாமல் மாற்றிய சொல்லோ அவர் பெயரிலேயே அச்சாகி, அவர் சொன்னதாகவே நின்றுவிடும்.

பதினெட்டுத் தாள்களும் வந்தபின் தெரிந்தது இது: அதிகம் பிழை கண்ட முதல் மூவரில் இருவர், தொடக்கூடாததைத் தொட்ட கணக்கிலும் முன்னால் நின்றார்கள். பழைய முறையில் சோதனை என்று ஒன்று வைத்திருந்தால்கூட, பிழை எண்ணி மதிப்பெண் போட்டு, அந்த இருவரில் ஒருவரைத்தான் எடுத்திருப்போம். இன்னும் நான்கு தாள்களில் நெல்லைப் பேச்சு முழுவதும் சீராகப் பொதுத்தமிழாகியிருந்தது. செயலியின் கையில் கொடுத்து, வந்ததை மறுபடி படிக்காமல் அனுப்பியதாக எங்களுக்குத் தோன்றியது. செயலியைப் பயன்படுத்தியதற்காக அல்ல, விளைவுக்காகவே மதிப்பெண் குறைந்தது.

எண் 11இன் தாளில் நான் நெடுநேரம் நின்றேன். மூன்றாம் பக்க ஓரத்தில் இப்படி ஒரு குறிப்பு இருந்தது: ‘ஐயா, இரண்டாம் பக்கத்தில் பெரியம்மா காலமானதாக வருகிறது. இங்கே அவர் பேசுகிறார். இது பழைய நினைவு என்றால் முன்வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். சித்தி என்று இருக்க வேண்டுமென்றால் கீழே இரண்டு இடங்களிலும் மாற்ற வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லும்வரை எதையும் மாற்றவில்லை.’ இந்த முரண் நாங்கள் விதைத்தது அல்ல. அசல் நூலிலேயே இருந்து, எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தப்பி அச்சாகியிருந்தது. குறை சொல்லாமல் கேட்பது, தீர்வு இரண்டைக் காட்டுவது, முடிவை எழுதியவரிடம் விடுவது ஆகிய மூன்றும் அந்த நான்கு வரியில் இருந்தன. ஒரு எடிட்டரிடம் நான் எதிர்பார்ப்பது எது என்று யாராவது கேட்டால் இப்போது அந்தக் குறிப்பைத்தான் காட்டுகிறேன்.

மதிப்பெண் இட்டதில் எங்கள் தவறுகள்

ஒவ்வொரு தாளையும் மூத்த மெய்ப்புப் பார்ப்பவரும் நானும் தனித்தனியே திருத்தினோம். ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கவில்லை. பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. எண் 4இல் மட்டும் பெரிய வித்தியாசம். நான் மிகக் குறைத்துப் போட்டிருந்தேன். உட்கார்ந்து வரிவரியாக ஒப்பிட்டபோது, அவர் ‘இராசராசன்’ என்று மாற்றியதற்கும் ‘கோவில்’ என்று எழுதியதற்கும் ‘1978-ல்’ என்று இட்டதற்கும் நான் குறைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பதும், கோவில் என்பதும், எண்ணோடு வேற்றுமை உருபை எப்படி ஒட்டுவது என்பதும் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் வேறுபடும் வழக்கங்கள், பிழைகள் அல்ல. எங்கள் வழக்கம் எது என்று சோதனைக்கு முன் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாத விதியை மீறியதற்குத் தண்டனை தருவது எப்படி நியாயமாகும்? அந்த மூன்று இடங்களையும் எல்லோருடைய தாளிலிருந்தும் கணக்கில் எடுக்காமல் விட்டோம். அடுத்த முறைக்கென்று இரண்டு பக்க நடைக் கையேடு ஒன்று எழுதினோம். அந்தப் பழைய நாவலுக்கு நேர்ந்த கேடு இந்த இரண்டு பக்கம் இருந்திருந்தால் நேர்ந்திருக்காது என்பது அதை எழுதி முடித்த அன்று உறைத்தது.

எல்லோருக்கும் அவரவர் தாளைத் திருத்திய குறிப்புகளோடும் மதிப்பெண்ணோடும் திருப்பி அனுப்பினோம். பதினெட்டுப் பேருக்கு இதைச் செய்ய மூன்று மாலைப்பொழுதுகள் ஆயின. ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிவிட்டுப் பிறகு மௌனமாகிவிடும் கடிதங்களை நானும் இளமையில் வாங்கியிருக்கிறேன் என்பதால் அந்த நேரம் எனக்கு வீணாகத் தோன்றவில்லை. அதன் பலன் உடனே வந்தது. எண் 15 பதில் எழுதினார். ‘அவர் முறையாகத் தமிழ் கற்றவர்’ என்ற வரியில் ‘தமிழ்க் கற்றவர்’ என்று ஒற்றுப் போடாததற்கு அவருக்கு மதிப்பெண் குறைத்திருந்தோம். ‘தமிழைக் கற்றவர் என்று உருபு வெளிப்படையாக வந்தால் ஒற்று மிகும், உருபு மறைந்து இரண்டாம் வேற்றுமைத் தொகையாக நின்றால் மிகாது’ என்று பணிவாகச் சுட்டியிருந்தார். அவர் சொன்னதே சரி. தயாரித்த விடைத்தாளிலேயே பிழை. பதினெட்டுத் தாளையும் மீண்டும் திருத்தி, அந்த இடத்தில் ஒற்றுப் போடாதவர்களுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வரிசையில் இரண்டு இடம் மேலே வந்தார். தேர்வுப் பட்டியலில் வரவில்லை என்றாலும், அன்றுமுதல் எங்கள் வெளி மெய்ப்புப் பார்ப்பவர்களில் ஒருவராகிவிட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எங்கள் பிழை எங்களுக்கே தெரிந்திருக்காது.

நேர்காணலுக்கு ஐந்து பேர். ஆறு கேள்விகளை முன்பே எழுதி, எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்டோம். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே, நேர்காணல் செய்த மூவரும் தனித்தனியே மதிப்பெண் எழுதினோம். ‘உங்கள் திருத்தத்தை ஆசிரியர் மறுத்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்; பிறகு என்ன நடந்தது?’ என்பது அவற்றில் ஒன்று. ஊர், குடும்பம், திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் கூடாது என்று எங்களுக்குள் எழுதியே கையெழுத்திட்டோம். வெளியூர்க்காரர்கள் காணொளி வழியே பேசினார்கள். நேரில் வர விரும்பியவர்களுக்குப் பயணச் செலவைக் கொடுத்தோம். எழுதிவைத்த கேள்விகள் பேச்சை இறுக்கமாக்கிவிடும் என்று எங்கள் உரிமையாளர் கவலைப்பட்டார். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் சரளமாகப் பேசுபவருக்கும் ஒரே அளவு நேரம் கிடைத்ததை முதல் முறையாகப் பார்த்தேன்.

எண் 11 தேர்வானார். நீக்கிவைத்த விவரங்கள் இருந்த உறையைப் பிரித்தபோதுதான், அவர் ஒரு மாவட்டத் தலைநகரின் டிடிபி மையத்தில் பதினொரு ஆண்டுகளாகத் தட்டச்சு செய்பவர் என்பதும், படித்தது பி.காம். என்பதும் எங்களுக்குத் தெரிந்தன. திருமணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆய்வேடு, உள்ளூர்க் கவிஞர்களின் தொகுப்புகள் என்று எல்லாவற்றையும் அடித்திருக்கிறார். ஆய்வேடுகளை அடிக்கும்போது முரண்பட்ட ஆண்டுகளைக் குறித்துவைத்து மாணவர்களிடம் கேட்பாராம். யாரும் கேட்கச் சொன்னதில்லை. பழைய விளம்பரத்தின் முதல் வரியிலேயே நாங்கள் அவரை வெளியே நிறுத்தியிருப்போம்.

எழுத்தாளர் பணிக்கான தேர்வு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இதில் நாங்கள் பாதிதான் வென்றோம். வெளவால்களைப் பற்றிய நான்கு பக்கக் குறிப்பைக் கொடுத்து, பத்து வயதுப் பிள்ளைக்கு முந்நூறு சொல்லில் எழுதச் சொன்னோம். எழுதியதன்மேல் கருத்துகளை எழுதித் திருப்பி அனுப்பி, இரண்டாம் வடிவம் கேட்டோம். இரண்டுக்கும் பணம் கொடுத்தோம். முதல் வடிவத்தைவிட இரண்டாம் வடிவம் அதிகம் சொன்னது. நாங்கள் வேண்டுமென்றே ஒரு தவறான கருத்தைச் சேர்த்திருந்தோம்: வெளவாலுக்குக் கண் தெரியாது என்று சேர்க்கும்படி. பலர் அப்படியே சேர்த்துவிட்டார்கள். ஒருவர் மட்டும், வெளவால்களுக்குப் பார்வை உண்டு என்று இரண்டு வரியில் விளக்கி, அதைச் சேர்க்க மறுத்து, ‘மீயொலி எதிரொலியால் இருட்டில் வழி அறிவதைச் சொன்னால் குழந்தைகளுக்கு இன்னும் பிடிக்கும்’ என்று வேறு வரி எழுதித் தந்தார். அவரையே எடுத்தோம்.

அவருடைய எழுத்தைப் பற்றி இன்றுவரை குறை இல்லை. ஆனால் கெடு தவறினார்; ஒரு முறை அல்ல, தொடர்ந்து. நான்கு நூல்கள் கொண்ட வரிசையில் இரண்டுதான் அந்த ஆண்டு வந்தன. ஒரு வாரத்தில் செய்யும் சோதனை, ஐந்து மாதம் ஒரு வேலையைக் கட்டிக் காப்பதை அளக்காது. முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கவில்லையா என்றால், விசாரித்தோம். ‘நல்ல பையன்’ என்றார்கள், நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். இப்போது விசாரிக்கும்போதும் எழுதிவைத்த கேள்விகளே: எத்தனை வேலை கொடுத்தீர்கள், எத்தனை சொன்ன தேதிக்கு வந்தது, தாமதமாகும் என்பதை அவராக முன்கூட்டிச் சொன்னாரா? அவரைப் பொறுத்தவரை, மாதச் சம்பளத்திலிருந்து நூலுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்துக்கு, அவருடைய சம்மதத்தோடு மாற்றினோம். அவருக்கும் அது நிம்மதியாக இருக்கிறது என்றார்.

பழைய எடிட்டர்

நாவலில் ‘வ’வை மாற்றியவர் அந்த டிசம்பரிலேயே விலகிவிட்டார். அவரை வெளியேறச் சொல்லவில்லை. அலுவலகத்தில் அவரைப் பார்த்தவர்களின் முகம் சொல்லியிருக்கும். எடிட்டரைத் தேர்ந்தெடுக்கும் புதிய முறை முடிந்தபின் அவருக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். தேர்வில் நாங்கள் அவரிடம் எதைக் கேட்கத் தவறினோம், எந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதி, இரண்டு பக்க நடைக் கையேட்டையும் இணைத்தேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கையேட்டின் ஏழாம் பத்தியில், வட்டார வழக்கைப் பற்றிய இடத்தில், ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார்: ‘தேடி மாற்றும் கட்டளையை உரையாடலில் பயன்படுத்தக் கூடாது, ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தே மாற்ற வேண்டும்.’ அடுத்த அச்சில் அந்த வரியைச் சேர்த்தோம்.

நாவலாசிரியரின் இரண்டாம் நாவல் இப்போது எண் 11இன் மேசையில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் மட்டும் பதினான்கு கேள்விகள் எழுதி அனுப்பியிருக்கிறார். ஒன்பதுக்கு ‘அப்படியே இருக்கட்டும்மா’ என்றும், ஐந்துக்கு ‘நீங்க சொல்லுததுதான் சரி’ என்றும் ஓரத்தில் பென்சிலால் எழுதி வந்திருக்கிறது.